விதைநெல்லும் உலையரிசியும்

மாணவ நண்பர்களே,

ஒரு மாநில அரசு தன் பொருளைத் தொழில் வளர்ச்சிக்கும் மக்கள் நல்வாழ்வுக்கும் எவ்வாறு பகிர்ந்து செலவிடுகிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது பொருளாதார நூலோர்க்கு மட்டும் உரியதன்று. உங்களுள் பலர் பள்ளியில் உண்ட உணவும், நாளை நீங்கள் தேடப்போகும் வேலையும் இதனுள் அடங்கியவை. ஆதலின் இதனை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இதனைப் பற்றிப் பேசுவோர் பலரும் தராசை உவமை கூறுவர். ஒரு தட்டில் தொழிற்சாலை, மற்றொரு தட்டில் சத்துணவு. ஒன்று தாழ்ந்தால் மற்றொன்று உயரும் என்பர். இவ்வுவமை எளியது, ஆனால் முழுமையுடையதன்று. உழவன் வீட்டு நெற்குதிர் இதனினும் பொருந்தும் என்பது என் கருத்து. அறுவடை முடிந்ததும் உழவன் தன் நெல்லை இரு கூறாக்குகிறான். ஒரு கூறு விதைக்கு. மற்றொரு கூறு உலைக்கு. விதைநெல்லைக் குற்றி உண்டுவிட்டால் அடுத்த போகம் இல்லை. உலையை மறந்து விதையை மட்டும் காத்தால், அவ்விதையைத் தெளிக்க வீட்டில் தெம்புள்ள ஆள் இல்லை. இரண்டும் வேண்டும் என்பதை எவரும் ஒப்புவர். அரசின் செலவில் எது விதை, எது உலை என்று பிரித்தறிவதே அரிய செயல். துறைமுகம் விதை என்பதில் ஐயமில்லை. ஓர் ஏழைக் குழந்தையின் காலை உணவு எதில் சேரும்? உலையரிசி என்றே முதலில் தோன்றும். அவ்வுணவின் வலியால் அக்குழந்தை பள்ளியில் நிலைத்துப் படித்து, தேர்ந்த தொழிலாளியாகவோ மருத்துவராகவோ ஆகுமாயின், அது விதைநெல்லாக மாறிவிடுகிறது அன்றோ?

முதற்கண் மாநில அரசின் பணப்பை எவ்வாறு நிரம்புகிறது என்று காண்போம். மருத்துவமனை, காவல், குடிநீர் போன்றவை மாநிலத்தின் பொறுப்புகள். கல்வி மைய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவானது. வருமான வரியும் சுங்க வரியும் மைய அரசு தண்டுவன. அவ்வாறு தண்டிய வரிகளில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்பதை நிதிக்குழு பரிந்துரைக்கும். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்குப் பதினைந்தாம் நிதிக்குழு, பகிரத்தக்க வரித்தொகையில் 100க்கு 41 பங்கை மாநிலங்கள் அனைத்துக்குமாக ஒதுக்கியது. அதில் தமிழ்நாட்டுக்கு வந்த பங்கு 4.079 விழுக்காடு. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களுள் 100க்கு ஏறத்தாழ 6 பேர் தமிழ்நாட்டினர் என்பதையும் இதனுடன் சேர்த்து எண்ணுக. வருவாய் குறைந்த மாநிலங்களுக்குக் கூடுதலாக அளிக்கும் முறை அது. எனவே தமிழ்நாடு தன் செலவின் பெரும்பகுதியைத் தானே ஈட்ட வேண்டியிருக்கிறது. சரக்கு சேவை வரி, பத்திரப் பதிவுக் கட்டணம், வாகன வரி, எரிபொருள் மீதும் மது மீதும் விதிக்கும் வரி ஆகியவை அவ்வாறு ஈட்டும் வழிகள். தொழிலும் வாணிகமும் பெருகினால் இவை பெருகும், சுருங்கினால் சுருங்கும். ஆகவே, தொழிற்சாலை இயங்காத நாட்டில் சத்துணவுக்கும் பணம் இராது என்பது உண்மை. ஆயினும் அது பாதி உண்மையே. மற்றொரு பாதியை அறிய வேண்டுமானால் வட சென்னைக்கு வருதல் வேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856 ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பக்கிங்காம் ஆலை 1876 இலும், கர்நாடிக் ஆலை 1881 இலும் எழுந்தன. அவ்வாலைகளை ஒட்டிய புளியந்தோப்பும் பெரம்பூரும் வியாசர்பாடியும் நெசவுத் தொழிலாளர் குடியிருப்புகளாயின. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் இங்கே தோன்றியது. பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார், செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு முதலியோர் அதனைத் தோற்றுவித்தனர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பர்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1921 இல் அவ்வாலைகளில் நெடிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. வேலைக்குச் செல்வோர், செல்லாதோர் என்று தொழிலாளர் இரு பிரிவாயினர். அப்பிரிவு சாதி வழியாகவும் அமைந்துவிட்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். ஏனையோர் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. ஒரே ஆலையில், ஒரே சங்கொலிக்கு எழுந்து சென்றவர்கள் எவ்வாறு பகைவராயினர்? சாதி என்னும் பழைய நோய் ஒரு காரணம். எனக்குப் புலப்படும் மற்றொரு காரணமும் உண்டு. அக்காலத்தில் ஏழைக்கு நாட்கூலி ஒன்றே பாதுகாப்பு. வேலை நின்றால் அடுப்பு அணைந்தது. அரசு தரும் உணவும் இல்லை; நோய்க்குக் காப்புறுதியும் இல்லை. ஆலை நிர்வாகம் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது உண்மை. ஆயினும் முதலாளி அளிக்கும் உதவி முதலாளி இருக்கும் வரையே நிற்கும். கூலியைத் தவிர வேறு பற்றுக்கோடு இல்லாத இடத்தில் ஏழை மற்றோர் ஏழையையே போட்டியாளனாகக் காண்கிறான். வளர்ச்சி மட்டும் வந்து நல்வாழ்வு உடன் வராத ஊருக்குப் புளியந்தோப்பின் 1921 ஒரு பாடம்.

அதற்கு முந்திய ஆண்டிலேயே நல்லதொரு விதையும் ஊன்றப்பட்டது. வண்ணாரப்பேட்டையைச் சார்ந்த பிட்டி தியாகராயர் அப்போது சென்னை மாநகராட்சித் தலைவர். ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில், மாணவன் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிட்டு உணவளிக்க 1920 செப்டம்பரில் மாநகராட்சி தீர்மானித்தது. பிள்ளைகளின் வருகை பெருகியது. மேலும் சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து அச்செலவைச் செய்தல் ஆகாது என்று மேலிடம் தடுத்தமையால் 1925 இல் அது நின்றது. பிள்ளைகளுக்கு இடும் சோறு கல்விச் செலவு ஆகாது என்பது அக்காலக் கணக்கு. எது விதை, எது உலை என்னும் வினாவுக்கு அலுவலகம் தவறான விடை எழுதியதற்கு இது சான்று.

அவ்விடையைத் திருத்தி எழுதியவர் காமராசர். அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். மதிய உணவுத் திட்டம் 1956 இல் தொடங்கியது. ஊர் மக்களிடம் அரிசியும் காய்கறியும் தண்டி நடந்த அத்திட்டம் பின்னர் அரசின் பொறுப்பாயிற்று. அக்காலத்திலேயே கிண்டித் தொழிற்பேட்டை 1958 இல் திறக்கப்பட்டது. வட சென்னையில் எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் வளர்ந்தன. உணவிட்ட ஆட்சியும் தொழிற்பேட்டை அமைத்த ஆட்சியும் ஒன்றே என்பதைக் கருதுக. பள்ளிக்கு வந்த பிள்ளை பத்தாண்டில் தொழிற்பேட்டையின் வாயிலில் நின்றான். ஒன்றுக்கு மற்றொன்று துணையாயிற்று.

எனினும் நல்ல எண்ணம் மட்டும் பணத்தைப் படைத்துவிடாது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்குவதாக அறிஞர் அண்ணாவின் கட்சி உறுதி கூறியது. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் அதனைத் தொடங்கியது. மாநிலம் முழுதும் விரிக்க நிதி இடம் தரவில்லை. தொடங்கிய இடத்திலும் நெடுநாள் நடத்த இயலவில்லை. மறுபுறம், கடலுக்கு அப்பால் இலங்கையில் 1953 இல் நிகழ்ந்ததையும் நோக்குக. அரசின் செலவைக் குறைக்கக் கருதி, பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரே அடியில் உயர்த்தினர். ஆகஸ்ட் 12 அன்று நாடே கடையடைத்து எழுந்தது. சில மாதங்களுக்குள் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். இயலாததைத் தொடங்குவதும் இடர். தொடங்கியதைத் திடீரெனப் பறிப்பதும் இடர்.

1982 இல் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தை மிகப் பெரிதாக விரித்தபோது, இப்பெருஞ்செலவு தொழில் வளர்ச்சியை முடக்கிவிடும் என்று அஞ்சியோர் உண்டு. என்ன நிகழ்ந்தது? இன்று இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களுள் 100க்கு 40க்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் உள்ளனர். 2021-22 ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி கல்லூரிச் சேர்க்கை விகிதம் நாடு முழுதும் 28.4, தமிழ்நாட்டில் 47. இவை சத்துணவு ஒன்றால் மட்டும் விளைந்தவை என்று நான் கூறமாட்டேன். ஆனால் படித்த, உடல் நலமுள்ள தொழிலாளர் இங்கே கிடைப்பர் என்பதனாலும் தொழில்கள் இங்கு வருகின்றன. நல்வாழ்வுச் செலவே வளர்ச்சிக்கு உரமாயிற்று.

ஆசிரியன் என்ற முறையில் நான் கண்டதையும் கூறுதல் வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும் பிள்ளை திடீரெனச் சரிந்து விழுவான். நிழலில் கிடத்தி முகத்தில் நீர் தெளித்துக் கேட்டால், "காலைல ஒண்ணும் சாப்பிடல, சார்" என்பான். திங்கட்கிழமைகளில் இது மிகுதி; ஏனெனில் சனியும் ஞாயிறும் பள்ளி உணவு இல்லை. மதிய உணவு வரும் வரை முதல் நான்கு பாடங்களை அவன் காதால் கேட்டானே தவிர, கருத்தால் கேட்கவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, மறு ஆண்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தபோது, அத்திங்கட்கிழமைப் பிள்ளைகளே என் நினைவுக்கு வந்தனர்.

இனி, பணம் எவ்வழியில் வருகிறது என்னும் வினாவை நேராக நோக்குவோம். இராசாசி 1937 இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் இழந்த வருவாயை ஈடு செய்ய 1939 இல் விற்பனை வரியைக் கொணர்ந்தார். பிற மாநிலங்களுக்கெல்லாம் முன்னோடியான வரி அது. தீய வருவாயை விடுத்து நல்ல வருவாயைத் தேடிய முயற்சி என்று அதனைப் போற்றலாம். 1971 இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே ஏற்று நடத்தலாயிற்று. அவ்வருவாய் கருவூலத்துக்குப் பெரிது. ஆனால் புளியந்தோப்பில் ஒரு தாய் அரசிடம் பெறும் உதவித்தொகையைத் தந்தை மதுக்கடையில் திருப்பிச் செலுத்துவாராயின், அவ்வீட்டுக்கு வந்தது என்ன? ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் கணக்கைக் கணக்கு ஆசிரியர் எவரும் இலாபம் என்று எழுதமாட்டார்.

மற்றொரு வழி கடன். கடன் தன்னளவில் குற்றமன்று. பாலம் கட்டவும் பள்ளி கட்டவும் வாங்கும் கடனை, அவற்றால் பயன் பெறும் அடுத்த தலைமுறையும் சேர்ந்து செலுத்துதல் முறையே. அன்றாடச் செலவுக்கு வாங்கும் கடனோ விதைநெல்லைக் குற்றுவதற்கு ஒப்பாகும். இதனைத் தடுக்கவே 2003 இல் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இயற்றியது. மாநிலப் பொருளாதாரத்தின் மொத்த மதிப்பில் 100க்கு 3 என்னும் எல்லைக்குள் பற்றாக்குறையை நிறுத்துவதே அதன் நோக்கம். எல்லை வகுத்தல் எளிது; நிற்றல் அரிது. 2021 ஆகஸ்டில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலக் கடனைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தால் குடும்பம் ஒன்றின் தலைமேல் ஏறத்தாழ 2 இலட்சத்து 63 ஆயிரம் ரூபாய் நிற்கும் என்று காட்டியது. 2023 செப்டம்பரில் ஒரு கோடியே ஆறு இலட்சம் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கும் திட்டம் தொடங்கியது. பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுக்கு 12,720 கோடி ரூபாய். தாயின் கையில் சேரும் பணம் பெரும்பாலும் பிள்ளையின் தட்டுக்கும் புத்தகத்துக்கும் செல்லும் என்பது என் நெடுநாள் அனுபவம். ஆதலின் நான் அதனைப் பழிக்கவில்லை. ஆனால் அத்தொகையை ஆண்டுதோறும் ஈட்டியே கொடுத்தல் வேண்டும் என்பதை நாம் மறத்தலாகாது.

இதுவரை பணத்தைப் பற்றிப் பேசினேன். பணத்தில் எழுதப்படாத கணக்கு ஒன்று உண்டு. அது சுமையின் கணக்கு. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969 இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை மின்சாரம் அளித்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001 இல் திறக்கப்பட்டது. அம்மின்சாரம் மாநிலம் முழுதும் விளக்கேற்றியது. அவ்வெண்ணெய் ஊரெல்லாம் வண்டி ஓட்டியது. சாம்பலோ கொசத்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழைக்குப் பின், மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளிப்பட்ட எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர் வெறுங்கையாலும் குவளையாலும் அதனை அள்ளியதை நாடு கண்டது. அம்மாதம் 26 ஆம் நாள் நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியே செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் உறக்கத்தினின்று எழுந்து ஓடினர். மூச்சுத் திணறிப் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். வளர்ச்சியின் பயன் மாநிலம் எங்கும் பரந்து செல்கிறது. அதன் நஞ்சு மட்டும் ஓரிடத்திலேயே தங்கிவிடுகிறது. இந்நிலையில் அவ்விடத்து மக்களுக்கும் ஏனையோர்க்கும் ஒரே அளவு உதவி செய்துவிட்டு, சமன் செய்துவிட்டோம் என்று அரசு கூறலாமா?

பயன் வந்து சேர்ந்த காலத்தையும் நோக்குக. முதல் இருப்புப்பாதை பெற்ற இப்பகுதிக்கு மெட்ரோ இரயில் பிந்தியே வந்தது. கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே 2015 இல் ஓடிய வண்டி, திருவொற்றியூரைக் கடந்து விம்கோ நகரை அடைந்தது 2021 பிப்ரவரியில். பின்னர், 2023-24 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வட சென்னையின் வளர்ச்சிக்கென மூன்று ஆண்டுகளுக்கு 1000 கோடி ரூபாய் தனியே அறிவிக்கப்பட்டது. சுமந்த பகுதிக்குத் தனிப் பங்கு என்னும் கொள்கை சரியானது. அது நெடுங்காலத்துக்கு முன்னரே வந்திருத்தல் வேண்டும்.

வீட்டைப் பற்றியும் ஒரு சொல். 1970 இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று 2021 இல் பெயர் மாற்றம் பெற்றது. நகரத்துக் குடிசை மக்கள் பலர் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். வீடு கிடைத்தது, வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் தொலைவாயின. புளியந்தோப்பு கே. பி. பூங்காவில் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடி எழுந்தது நல்ல முறை. ஆனால் 2021 ஆகஸ்டில், கையால் தேய்த்தால் சுவரின் பூச்சு உதிர்கிறது என்று அங்குக் குடியேறியோர் காட்டினர். சட்டமன்றம் வரை செய்தி சென்றது. கட்டடத்தை ஆராயும் பொறுப்பு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வல்லுநரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏழைக்குக் கட்டுவதுதானே என்று தரம் குறையுமிடத்தில், செலவு செய்த பணம் விதையும் ஆகாது, உலைக்கும் ஆகாது. காற்றில் தூற்றிய பதராகும்.

மாணவ நண்பர்களே, அக்கட்டடத்துக்கு அணித்தாகத் தொழிலாளரின் சங்கொலி கேட்ட ஆலைகள் 1996 இல் மூடப்பட்டன. நூறாண்டுக்கு மேல் நின்ற தொழிலும் ஒருநாள் நின்றுவிடும் என்பதை அது காட்டுகிறது. ஆனால் 1921 இல் வேலை நின்றவன் வீட்டுக்கும், 1996 இல் வேலை நின்றவன் வீட்டுக்கும் வேற்றுமை உண்டு. பின்னவன் வீட்டில் பங்கீட்டு அரிசி இருந்தது. அவன் பிள்ளைக்குப் பள்ளியில் மதிய உணவு இருந்தது. அத்துன்பம் சிறிதென்று சொல்வதற்கில்லை. ஆனால் அடுத்த தலைமுறை அறுபட்டுப் போகாமல் ஒரு நூல் பிடித்துக்கொண்டது. வளர்ச்சி தவறும் நாளில் தாங்கி நிற்பதே நல்வாழ்வுத் திட்டத்தின் இயல்பு.

இனி நீங்கள் வாக்களிக்கும் வயதை அடைவீர்கள். புதிய தொழிற்சாலை என்றும் புதிய உதவித் திட்டம் என்றும் அறிவிப்புகள் வந்த வண்ணம் இருக்கும். கைதட்டும் முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இச்செலவு நாளைய விளைச்சலுக்கு விதையாகுமா, அன்றி இன்றே தீர்ந்துபோகுமா? இதற்குரிய பணம் யார் பையிலிருந்து, எவ்வழியில் வருகிறது? இதன் சுமை எவர் தோளில் ஏறுகிறது, பயன் எவர் கையில் சேருகிறது? மூன்றாவது வினாவே தலையாயது. இன்றே தீர்ந்துபோகும் செலவும் சில வேளைகளில் வேண்டியதே. பசித்தவன் விளைச்சல் வரும் வரை காத்திரான். ஆனால் சுமப்பவர் ஓரிடத்தும் பயன் பெறுவோர் வேறிடத்தும் இருக்கும் வரை, எத்துணைக் கோடி செலவிட்டாலும் அதனைச் சமன் என்று கூற இயலாது. புகையும் சாம்பலும் முதலில் சேரும் தெருவுக்கு, நல்ல குடிநீரும் உறுதியான சுவரும் சிறந்த பள்ளியும் முதலில் சேரட்டும். அவ்வாறு செய்யும் அரசே வளர்ச்சியையும் வாழ்வையும் ஒருங்கே பேணும் அரசாகும்.